தேநீர்க் கடைக்காரர் மேல் வழக்கு நிற்குமா?

வக்கீல் ஆபீசுக்குள் ஒரு கட்சிக்காரர் வந்து தன் குறையைச் சொல்கிறார். வாரண்ட் எதுவும் காட்டாமல் போலீஸ் வீடு புகுந்து சோதனை போட்டுவிட்டதாம். இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் உட்கார வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். ஆபீசை நடத்துபவர் சட்டென்று முடிவு சொல்ல வேண்டும். இவருடைய அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டிருக்கிறதா? ஆமென்றால், இந்த வழக்கை எந்த வக்கீலிடம் கொடுப்பது?

ஆபீசை நடத்துவது ஒரு பள்ளிப் பிள்ளை. அமெரிக்க வகுப்பறைகளில் ஆடப்படும் ‘டூ ஐ ஹேவ் எ ரைட்?’ என்ற கணினி விளையாட்டு இது. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1981-இல் பொறுப்பேற்ற சாண்ட்ரா டே ஓ’கானர், 2006-இல் ஓய்வு பெற்றபின், பிள்ளைகளுக்குக் குடியியல் கற்பிப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். 2009-இல் அவர் தொடங்கிய முயற்சிதான் இன்று ‘ஐசிவிக்ஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. இந்த விளையாட்டு அதன் தொடக்ககால வெளியீடுகளில் ஒன்று.

விளையாட்டில் ஒவ்வொரு வக்கீலுக்கும் அரசியலமைப்பின் சில திருத்தங்கள்தான் அத்துப்படி. பேச்சுரிமை என்றால் முதலாம் திருத்தம் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். வாரண்ட் இல்லாத சோதனை என்றால் நான்காம் திருத்தக்காரரிடம். இப்படி ஆடி ஆடியே, 1791-இல் சேர்க்கப்பட்ட முதல் பத்துத் திருத்தங்களில் பலவும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும்.

மனப்பாடத்துக்கு ஒரு அட்டவணை போதுமே என்று கேட்கலாம். அட்டவணையால் செய்ய முடியாத ஒன்றை இந்த விளையாட்டு செய்கிறது. வருகிறவர்களில் சிலருக்கு அரசியலமைப்பு தரும் உரிமை எதுவும் மீறப்பட்டிருக்காது. அவர்களை அடையாளம் கண்டு, ‘உங்களுக்கு இங்கே வழக்கு இல்லை’ என்று திருப்பி அனுப்ப வேண்டும். உரிமை எதுவரை செல்லும் என்று தெரியாமல் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் எழுதிய கடிதத்தைப் பத்திரிகை வெளியிட மறுக்கிறது. அதே கருத்தைச் சொல்ல அவர் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்கிறார். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக நகராட்சி அனுமதி மறுக்கிறது. இரண்டிலும் கோபம் ஒன்றுதான், வாயடைப்பும் ஒன்றுதான். ஆனால் பேச்சுரிமை வழக்கு நிற்பது நகராட்சிமேல் மட்டுமே. முதலாம் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. அரசுப் பள்ளியும் அரசின் கைதான். வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கு வருந்தி 1965-இல் கறுப்புப் பட்டை அணிந்ததற்காக, டெமாய்ன் நகரப் பள்ளிகளில் பிள்ளைகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமியும் உண்டு. 1969-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே பட்டையைத் தனியார் பள்ளியில் அணிந்திருந்தால் முதலாம் திருத்தம் துணைக்கு வந்திருக்காது.

இதே விளையாட்டை நம் ஊர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் விதி ஓரிடத்தில் அடியோடு மாறுகிறது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. ஒரு சாதிக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாதிக்குத் தனிக் குவளை. கடைக்காரர் தனிமனிதர், அரசு அல்ல. அமெரிக்க அரசியலமைப்பை மட்டும் வைத்து ஆடினால் இந்தக் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்ப நேரிடும். அங்கே உணவகங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுக்க 1964-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. நம்முடைய அரசியலமைப்பின் பிரிவு 17 தீண்டாமையை ஒழிக்கும்போது, கடைப்பிடிப்பவர் அரசா தனியாரா என்று பார்ப்பதில்லை. பிரிவு 15-இன் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை என்று இடங்களையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. கிணற்றடியில் தடுக்கப்பட்டவர்களின் அனுபவம் தெரிந்தவர்கள் எழுதிய வரி அது. படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

கணினி இல்லாத பள்ளியிலும் இதை ஆடலாம். வழக்குகளை அட்டைகளில் எழுதி, பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துவிட்டால் போதும். சொல்லப்போனால் எனக்கு அட்டைதான் உசத்தி. கணினி ஆட்டத்தின் அவசரம் விறுவிறுப்புக்கு உதவும். ஆனால் ஒரு மனிதரின் உரிமையைத் தீர்மானிக்க நிதானம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அட்டைகளாவது ‘உரிமை மீறல் இல்லை’ என்ற விடைக்கு உரியவையாக இருக்கட்டும். சில அட்டைகளில் நீதிமன்றங்களே முரண்பட்ட வழக்குகள் இருக்கட்டும்.

அப்படி ஒன்று 1985-இல் கேரளத்தில் நடந்தது. தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாக வாய் திறந்து பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. உரிமை மீறலா, இல்லையா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து நன்றாகச் சண்டை போட்டு முடித்தபின் ஆசிரியர் முடிவைச் சொல்லலாம்: 1986-இல் உச்ச நீதிமன்றம், பேச்சுரிமை தரும் பிரிவு 19-ஐயும் மதச் சுதந்திரம் தரும் பிரிவு 25-ஐயும் காட்டி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அதற்கு முன் கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘மீறல் இல்லை’ என்று கை தூக்கிய பிள்ளைகள், தங்கள் வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று தீர்ப்பை வாங்கிப் படிக்கட்டும்.