முன்பு இதில் என்ன இருந்தது?

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு வெல்டிங் பட்டறை. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு செய்யக் கொடுத்திருந்தேன். அதைப் பார்க்கப் போன அன்று, இருபது வயதிருக்கும் ஒரு தம்பி 200 லிட்டர் பேரல் ஒன்றைப் படுக்கப் போட்டு, உருளாமல் காலால் அண்டைகொடுத்தபடி கேஸ் கட்டரைப் பற்றவைக்கப் போனார். பேரலின் பக்கவாட்டில் தின்னர் ஸ்டிக்கர் பாதி கிழிந்து தொங்கியது.

"தம்பி, இது தின்னர் இருந்த டிரம் மாதிரி இருக்கே?"

"காலி டிரம்தான் சார். காயலாங்கடையில வாங்கினது. கவுத்துப் பார்த்தாச்சு, ஒரு சொட்டு வரல."

பட்டறை உரிமையாளரிடம் பேசி அன்றைக்கு வெட்டாமல் தடுத்துவிட்டேன். ஆனால் "ஒரு சொட்டு வரல" என்ற பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அது முற்றிலும் உண்மை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

பெட்ரோலோ தின்னரோ திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் காற்றோடு சரியான விகிதத்தில் கலந்தால்தான் எரியும். பல தின்னர்களில் கலந்திருக்கும் டொலுவீனை எடுத்துக்கொள்வோம். காற்றில் அதன் ஆவி 1.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீப்பிடிக்காது. சுமார் 7 சதவீதத்தைத் தாண்டினாலும் பிடிக்காது, எரியப் போதிய காற்று இருக்காது. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் வெடிக்கும் கலவை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 லிட்டர் டிரம்மில் 1.1 சதவீதம் என்றால் 2.2 லிட்டர் ஆவி. அதற்குத் தேவையான திரவம் சுமார் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி. டிரம்மின் உட்புறப் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். அந்த 10 மில்லியை அதன் மேல் பூசினால், படலத்தின் கனம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கவிழ்த்தால் எப்படிச் சொட்டும்? போதாக்குறைக்கு, மேல் தகடும் அடித் தகடும் உடலோடு சேரும் மடிப்புக்குள் திரவம் ஒளிந்துகொள்ளும். டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. எனவே மூடியை இரண்டு நாள் திறந்து வைத்தாலும் அது மேலெழுந்து வெளியேறிவிடும் என்று நம்ப முடியாது.

நம் ஊர்த் தட்பவெப்பமும் இதற்கு உடந்தை. அடியில் கொஞ்சம் டொலுவீன் தங்கிய மூடிய டிரம்முக்குள், ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸிலிருந்து 37 டிகிரி வரை ஆவியின் அளவு வெடிக்கும் எல்லைக்குள்ளேயே நிற்கும். மார்கழி விடியலிலிருந்து சித்திரை வெயில் வரை, சென்னையின் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட இதற்குள் அடங்கிவிடுகிறது.

பெட்ரோலின் கதை வேறு. நிறைந்த டிரம்மில் மேலே மிஞ்சும் சிறு இடத்தில் ஆவி அளவு மீறி இருக்கும், காற்று போதாது. ஊற்றித் தீர்த்த பிறகுதான் காற்று உள்ளே புகுந்து கலவையைப் பக்குவப்படுத்துகிறது. அந்த வகையில், டிரம் நிறைந்திருந்ததைவிடத் தீர்ந்தபோதுதான் வெடிக்கத் தோதாகிறது.

கேஸ் கட்டரின் சுடர் சுமார் 3,000 டிகிரி இருக்கும். மூடிய கலத்தில் கலவை பற்றினால், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அழுத்தம் ஏழெட்டு மடங்கு உயரக்கூடும். அதுவரை டிரம் தாங்காது. அதன் மேல் தகட்டின் பரப்பு சுமார் 2,500 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு கிலோ அழுத்தம் கூடினாலே தகட்டின் மேல் இரண்டரை டன் விசை. நம் ஊர்ப் பெண் யானையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். பிய்ந்து பறக்கும் அந்தத் தகட்டுக்கு எதிரே குனிந்திருப்பது வெட்டுகிறவரின் முகமும் நெஞ்சும்.

'காலி' என்ற சொல்லே ஆளைக் கொல்லும் என்பதைக் கவனித்து எழுதியவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலில் பெரும் பெயர். பிழைப்புக்கு அவர் பார்த்ததோ, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் தீ காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துத் தடுப்பு வேலை. பெட்ரோல் நிறைந்த டிரம்கள் இருக்கும் இடத்தில் தொழிலாளர்கள் மிகக் கவனமாக நடந்துகொள்வதையும், காலி டிரம்கள் அடுக்கிய இடத்தில் கூசாமல் புகைபிடிப்பதையும் அவர் பார்த்தார். 'காலி' என்றதும் ஆபத்தும் தீர்ந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்று 1941-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். மொழி பற்றிய அவருடைய கொள்கையை ஏற்காத அறிஞர்கள் பலர் உண்டு. டிரம் விஷயத்தில் அவர் கண்டதை நான் முடிச்சூர் சாலையில் கண்ணால் பார்த்தேன்.

"டீசல் டிரம்தானே, என்ஜின் ஆயில் டிரம்தானே, தீக்குச்சி போட்டாலும் பிடிக்காதே" என்பார்கள். குளிர்ந்திருக்கும்வரை சரி. தகட்டின் மேல் சுடர் பட்டதும், உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் கொதித்து ஆவியாகிறது. சுடர் தானே ஆவியைத் தயாரித்து, தானே பற்றவும் வைக்கிறது. சூடு பட்டால் எண்ணெய் ஆவியாகும் என்பதற்கு ஒரு விமானமே சாட்சி. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் நடுவானில் சிதறி 230 பேர் இறந்தார்கள். வெடித்தது அதன் ஏறக்குறைய காலியான நடு எரிபொருள் தொட்டி. உள்ளே மண்ணெண்ணெய் வகை எரிபொருள் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. தொட்டிக்கு அடியில் இருந்த குளிர்சாதனக் கருவிகளின் சூடு அதை ஆவியாக்கியிருந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 27 அன்று வடசென்னையில், தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் முனையத்தில் எத்தனால் தொட்டி ஒன்றில் பராமரிப்பு வேலை நடந்தபோது வெடித்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொன்னது. தீப்பற்றும் பொருள் இருக்கிற கலத்தை மட்டுமல்ல, முன்பு இருந்த கலத்தையும், அந்தப் பொருளையும் ஆவியையும் அகற்றாமலோ தீப்பற்றாதபடி செய்யாமலோ வெல்டிங்குக்கோ கட்டிங்குக்கோ உட்படுத்தக் கூடாது. 'முன்பு இருந்த' என்று எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறைகள் பெரும்பாலும் 'தொழிற்சாலை' என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. திருமுடிவாக்கம், மறைமலை நகர் என்று தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இந்தப் புறநகரில் பழைய டிரம்களுக்குப் பஞ்சமில்லை. கை மாறும்போது அவற்றின் ஸ்டிக்கர் கிழிந்துபோகிறது. உள்ளே இருந்தது என்ன என்ற தகவலும் அதோடு போய்விடுகிறது.

ஒருமுறை தண்ணீர் ஊற்றி அலசுவது போதாது. டொலுவீனும் எண்ணெயும் தண்ணீரில் கரையாது. நீராவியை அரை மணி நேரமாவது உள்ளே செலுத்தி, எரிவாயு அளக்கும் மீட்டரால் சோதித்த பிறகுதான் நெருப்பை அருகே கொண்டுபோகலாம். மூடிகளைத் திறந்துவைத்து, வெட்டும் இடத்தை ஒட்டும்வரை தண்ணீர் நிரப்பினால் ஆவிக்கான இடம் குறையும். நெருப்பே இல்லாமல், டப்பா திறப்பதுபோல டிரம்மின் தலைத்தகட்டை அறுத்தெடுக்கும் கைக்கருவியும் உண்டு. எனக்குப் பிடித்த வழி அதுதான். கட்டிங் வீல் சுடர் இல்லாதது என்று ஏமாற வேண்டாம், அதன் பொறியே போதும்.

டிரம் வெட்டச் சொல்லிக் கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் கட்டுமான மேஸ்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பு அதில் என்ன இருந்தது என்று காயலாங்கடையில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த டிரம்மை வாங்காதீர்கள். தண்ணீர் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் புதிய பிளாஸ்டிக் டிரம் கடையில் கிடைக்கிறது.