குங்ஃபூ வீரரைக் கடிகாரம் கொண்டு பார்ப்போம்

1960-களிலும் 1970-களிலும் ஹாங்காங்கில் எடுக்கப்பட்ட குங்ஃபூ படம் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெண்தாடிக் கிழவர் நின்ற இடத்திலிருந்து எம்பி மதில்மேல் ஏறி நிற்கிறார். உதை வாங்கியவன் ஐந்து மீட்டர் பின்னால் பறந்துபோய் விழுகிறான். கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் கைகள் சுழல்கின்றன.

இப்படங்களைப் பார்ப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகையினர் எல்லாவற்றையும் நம்பி மொட்டை மாடியில் செய்து பார்த்துக் கையை ஒடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் "எல்லாம் பொய்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. எது தந்திரம், எது மெய்யான திறமை என்று பிரித்துப் பார்க்க உங்கள் பள்ளி இயற்பியலே போதும். அப்படிப் பார்த்தால் படத்தின் சுவை குறையாது, கூடும்.

எவ்வளவு உயரம் எம்பலாம்?

நன்கு பயிற்சி பெற்ற ஒருவர் நின்ற இடத்திலிருந்து எம்பினால் அவருடைய ஈர்ப்பு மையம் சுமார் 0.6 மீட்டர் உயரும். இதற்கு அவர் தரையை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு 3.4 மீட்டர் வேகம் வேண்டும். மேலே போக 0.35 வினாடி, இறங்க 0.35 வினாடி, ஆக மொத்தம் 0.7 வினாடிதான் அவர் காற்றில் இருக்கிறார்.

சரி, 3 மீட்டர் உயர்வதற்கு என்ன வேண்டும்? கிளம்பும் வேகம் வினாடிக்கு 7.7 மீட்டர். முழங்காலை மடக்கி நிமிரும் தூரம் 0.4 மீட்டர் என்று கொள்வோம். இந்தச் சிறிய தூரத்துக்குள் அவ்வளவு வேகத்தையும் பெற, கால்கள் தரையை உடல் எடையைப்போல் 8½ மடங்கு விசையுடன் உதைக்க வேண்டும். முதலில் சொன்ன 0.6 மீட்டர் தாவலுக்கு 2½ மடங்கு போதும். மனிதத் தசைகளால் 8½ மடங்கு இயலாது.

ஆகவே வேறு எங்கிருந்தோ ஆற்றல் வந்தாக வேண்டும். பல படங்களில் அதைத் தந்தது காட்சிச் சட்டத்துக்கு வெளியே தரையில் கிடந்த டிராம்போலின். ஓடிவந்து அதன்மேல் விழும் நடிகரின் ஆற்றலை அதன் சுருள்வில்கள் வாங்கிக்கொண்டு மேல்நோக்கித் திருப்பித் தருகின்றன. இயக்குநர் கிங் ஹூவின் "எ டச் ஆஃப் ஸென்" (1971) படத்தின் மூங்கில் காட்டுச் சண்டை இவ்வகையில் புகழ்பெற்றது. டிராம்போலினையும் தேர்ந்த படத்தொகுப்பையும் கொண்டு வீரர்களைப் பறக்க வைத்தார் அவர். கிளம்புவது ஒரு துண்டு, காற்றில் மிதப்பது ஒரு துண்டு, இறங்குவது ஒரு துண்டு. மூன்றையும் இணைத்து ஒரே தாவலாக்குவது நம் மூளை! 1975-இல் கான் திரைப்பட விழாவில் இப்படம் தொழில்நுட்பப் பரிசு பெற்றது.

பின்னோக்கி ஓடும் பிலிம்

மதில்மேல் ஏற இன்னொரு எளிய வழியும் உண்டு. மதிலிலிருந்து கீழே குதிப்பதைப் படமெடுத்து, பிலிமைப் பின்னோக்கி ஓட்டினால் போதும். மேலே எறிந்த பந்து ஏறும் விதமும் இறங்கும் விதமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. ஆகவே உடலின் பாதையை மட்டும் பார்த்து நீங்கள் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அங்கியைப் பாருங்கள்! கீழே விழுபவரின் தளர்ந்த அங்கியைக் காற்று மேல்நோக்கித் தள்ளும். பின்னோக்கி ஓட்டும்போதும் அங்கி மேலேயே பறக்கும். மெய்யாகவே மேலே தாவுபவரின் அங்கி கீழ்நோக்கியல்லவா இழுபட வேண்டும்? தரையையும் கவனியுங்கள். பரவிக் கிடக்கும் புழுதி பாதங்களுக்கு அடியில் வந்து ஒடுங்கினால் ஐயமே வேண்டாம். ஈர்ப்பு விதிக்கு முன், பின் என்ற வேறுபாடு இல்லை. காற்றுத் தடைக்கும் புழுதிக்கும் அது உண்டு.

கேமிராவின் வேகம்

திரையரங்கில் பிலிம் வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடியது. கேமிராவை வினாடிக்கு 20 படங்கள் வீதம் ஓட்டிப் படமெடுத்து, 24 வீதம் திரையிட்டால் எல்லா அசைவுகளும் 1.2 மடங்கு விரைவாகத் தெரியும். குத்து வேகமாகிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல்: முடுக்கத்தில் நேரத்தின் வர்க்கம் வருவதால் ஈர்ப்பு முடுக்கம் 1.2 × 1.2 = 1.44 மடங்காகத் தோன்றும். 9.8 என்பது 14 ஆகிவிடும். உடைந்த ஜாடியும் தாவிய வீரரும் இயல்புக்கு மாறாக வெடுக்கென்று தரையைத் தொட்டால் இது காரணமாக இருக்கலாம்.

தாவலுக்கு இதற்கு நேர்மாறு. வினாடிக்கு 48 படங்கள் வீதம் எடுத்து 24 வீதம் காட்டினால் 0.7 வினாடித் தாவல் 1.4 வினாடி நீடிக்கும். 9.8 முடுக்கத்துக்குப் பழகிய நம் கண் அதை 2.4 மீட்டர் உயரத் தாவலுக்குரிய நேரமாக எடுத்துக்கொள்ளும். நேரம் இரு மடங்கு. மனத்தில் தோன்றும் உயரமோ நான்கு மடங்கு.

பறந்து விழும் எதிரி

உந்த அழிவின்மை விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உதைக்கும் காலின் நிறை 10 கிலோகிராம், வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்றால் உந்தம் 100 அலகு. அது முழுவதும் 60 கிலோகிராம் எடையுள்ள எதிரிக்குப் போய்விட்டதாகவே கொள்வோம். அவனுக்குக் கிடைப்பது வினாடிக்கு 1.7 மீட்டர் வேகம். அரை வினாடி காற்றில் இருந்தாலும் ஒரு மீட்டர்கூடப் போகமாட்டான். ஐந்து மீட்டர் போனால், யாரோ பின்னாலிருந்து கம்பியால் இழுக்கிறார்கள் என்று பொருள். கம்பியில் தொங்கும் வீரரையும் அடையாளம் காணலாம். தடையின்றிப் பாயும் உடலின் ஈர்ப்பு மையம் பரவளையத்தில் செல்லும். கம்பியில் தொங்குபவர் ஊசலைப்போல் வட்ட வில்லில் ஆடுவார். பெரும்பாலும் இடுப்பு முந்தும், தலையும் கால்களும் பின்தங்கும்.

ஓசை எங்கிருந்து வந்தது?

கை வீசும்போதெல்லாம் "விஷ்" என்று ஓர் ஓசை. காற்றில் விரையும் தடியின் பின்னால் சுழிகள் மாறிமாறி உருவாவதால் ஓசை பிறக்கிறது. வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் அதன் அதிர்வெண் ஏறக்குறையக் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் பருமனுள்ள பிரம்பு வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசப்பட்டால் 800 ஹெர்ட்ஸ்; நன்றாகக் கேட்கும். 8 சென்டிமீட்டர் அகல முஷ்டி வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் சென்றால் 20 ஹெர்ட்ஸ்தான்! அது நம் செவியின் கீழ் எல்லை. அக்காலத்து ஹாங்காங் படங்களில் பேச்சையும் ஓசையையும் படப்பிடிப்புக்குப் பிறகு சேர்ப்பதே வழக்கம். குத்தின் ஓசை ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது.

கழித்தபின் மிஞ்சுவது

இத்தனையையும் கழித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாதோ? மிஞ்சுகிறது. லௌ கார்-லியுங் தம் தந்தையிடமே ஹுங் கார் முறையைக் கற்றவர். அவர் இயக்கிய "தி 36த் சேம்பர் ஆஃப் ஷாலின்" (1978) போன்ற படங்களில் தலை முதல் கால்வரை தெரிய, வெட்டில்லாமல் பல அடிகள் தொடரும் காட்சிகளைக் காணலாம். அங்கே டிராம்போலினுக்கும் கம்பிக்கும் இடமில்லை. சமநிலையும் ஆண்டுக்கணக்கான பழக்கமுமே தெரிகின்றன. ஜாக்கி சான், ஸாம்மோ ஹுங் போன்றோர் சிறு வயதிலேயே பீகிங் இசைநாடகப் பள்ளியில் சேர்ந்து கடும் பயிற்சி பெற்றவர்கள்.

"ப்ராஜெக்ட் ஏ" (1983) படத்தில் ஜாக்கி சான் மணிக்கூண்டிலிருந்து விழுகிறார். வழியில் இரண்டு துணிப் பந்தல்கள் அவரைத் தாங்கிக் கிழிகின்றன. அவை அலங்காரமல்ல. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைவார். 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை எடையைப்போல் 300 மடங்கு. ஒரு மீட்டருக்குள் நின்றால் 16 மடங்கு. அந்தத் தூரத்தைத் தருவதுதான் துணியின் வேலை. இவ்வளவு தேர்ந்தவரும் "ஆர்மர் ஆஃப் காட்" (1986) படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. இயற்பியல் விதிகள் நட்சத்திரங்களுக்குச் சலுகை காட்டுவதில்லை.

எனவே மாடியிலிருந்து குதித்துப் பார்க்க வேண்டாம். அடுத்த முறை படம் பார்க்கும்போது கையில் ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். வீரர் காற்றில் இருக்கும் நேரத்தை வினாடியில் அளந்து, அதன் வர்க்கத்தை 1.2-ஆல் பெருக்குங்கள், உயரம் மீட்டரில் கிடைக்கும். திரையில் அவர் ஏறிய உயரத்தோடு அது ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் அந்த வீரருக்குக் கை தட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால், என்ன தந்திரம் என்று கண்டுபிடித்துப் படம் எடுத்தவர்களுக்கும் கை தட்டுங்கள்!