ரோபோவுக்கு எந்த மோட்டார்?

2008-ல் புனேயில் நடந்த ஏபியு ரோபோகான் போட்டியை நம் உறியடியை வைத்தே அமைத்திருந்தார்கள். அதுபோன்ற போட்டிகளுக்குத் தயாராகும் வள்ளூர் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை ஆர்பிஎம் மோட்டார் வாங்கலாம்?" என்பதுதான்.

ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறும் முன் கணக்குப் போடுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 200 சுற்று சுற்றினால், ரோபோ நொடிக்குச் சுமார் 1 மீட்டர் ஓடும். மோட்டாரோ 6,000 சுற்று சுற்றும். எனவே 30:1 கியர்பாக்ஸ் தேவை. வேகம் குறையக் குறைய முறுக்குவிசை கூடும். உராய்வில் கொஞ்சம் வீணாகும். (உங்கள் சிடி டிரைவின் தட்டைத் தள்ளும் குட்டி மோட்டாரும் இதே வித்தையைத்தான் செய்கிறது!)

அதைவிட முக்கியமானது ஸ்டால் கரண்ட். சக்கரம் சிக்கி நின்றுவிட்டால் மோட்டார் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். எல்298 சிப் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். அதில் கார் வைப்பர் மோட்டாரை மாட்டினால் போட்டியன்று புகைதான் வரும். கடைக்காரரிடம் இந்த அளவையும் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லையா? அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.