மெசேஜைப் பார்த்தார், பதில் இல்லை: கோபமா, கம்ப்யூட்டர் செய்த வேலையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலைகளில் ஒன்று, போனில் உள்ள வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரிலும் இணைத்துக் கொள்வது. பெரிய திரை, வசதியான கீபோர்டு என்று இதில் நன்மைகள் பல. மகன் வெளிநாட்டிலும் மகள் வேறு ஊரிலும் இருக்கும் வீடுகளில் பாதிப் பேச்சு இப்போது இதில்தான் நடக்கிறது. மெசேஜ் அனுப்பக் கற்றுத் தருபவர்கள் பலர். ஆனால் திரையில் தெரியும் சின்னச் சின்ன அடையாளங்களுக்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அவற்றைத் தவறாகப் புரிந்து கொள்வதால் உறவினர்களிடையே மனக்கசப்பு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்று இங்கு பார்க்கலாம்.

டிக் சொல்வதும் சொல்லாததும்

ஒரு சாம்பல் நிற டிக் என்றால் உங்கள் மெசேஜ் கிளம்பிவிட்டது என்று பொருள். இரண்டு சாம்பல் டிக் என்றால் அவருடைய சாதனத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் அந்த உரையாடல் அங்கே திறக்கப்பட்டுவிட்டது. 'ஆன்லைன்' என்று தெரிந்தால், அவர் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்று மட்டுமே பொருள். உங்கள் மெசேஜைத்தான் படிக்கிறார் என்று பொருள் அல்ல.

நீல டிக் அறிமுகமானது 2014 நவம்பரில். அதற்கு முன் பதில் வராவிட்டால், 'இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துக் கொள்ள இடம் இருந்தது. நீல டிக் வந்ததும் அந்த இடம் போய்விட்டது. 'பார்த்துவிட்டும் பேசவில்லை' என்ற குற்றச்சாட்டு புதிதாக முளைத்தது. மனிதர்கள் மாறவில்லை. ஒரு அடையாளம் மாறியது, பழகும் விதம் மாறிவிட்டது.

மூன்று வாரம் பேசாத அண்ணன் தங்கை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன் கோவையில், தங்கை சேலத்தில். அண்ணன் தன் மகளுக்கு வரன் முடிவானதை முதலில் தங்கைக்குத்தான் வாட்ஸ்அப்பில் எழுதினார். உடனே நீல டிக் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை. 'நம்மைக் கேட்காமல் முடித்துவிட்டார்கள் என்று கோபம்' என்று அவரே முடிவு செய்துவிட்டார். தங்கைக்கோ, ஊரெல்லாம் சொன்ன பிறகும் அண்ணன் தனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற வருத்தம். மூன்று வாரம் இருவரும் பேசவில்லை.

வேறு ஒரு வேலையாக அந்தத் தங்கையின் கம்ப்யூட்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர் வாட்ஸ்அப்பில் அண்ணனின் உரையாடலைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே சமையலறைக்குப் போய்விடுவது வழக்கம். ஜன்னல் முன்னால் திறந்தே இருந்தால், மெசேஜ் வந்ததும் 'படிக்கப்பட்டது' என்று பதிவாகி நீல டிக் விழுந்துவிடும். கம்ப்யூட்டரில் படித்ததாகிவிட்டால், போனிலும் புதிய மெசேஜ் வந்த அடையாளம் மறைந்துவிடும். அடுத்தடுத்து வந்த மெசேஜ்களில் அந்தச் செய்தி மேலே போய்விட்டது. நீல டிக் போட்டது கம்ப்யூட்டர். யாரும் படிக்கவில்லை. மேலே தள்ளி அந்த மெசேஜைக் காட்டியதும் அவர் உடனே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

எழுத்தில் குரல் கேட்காது

அடுத்த சிக்கல் தொனி. "ரொம்ப நல்லா இருக்கு" என்பதை நேரில் சொன்னால் பாராட்டா, குத்தலா என்று குரலே சொல்லிவிடும். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எழுதுபவருக்குத் தன் குரல் மனதில் கேட்டுக் கொண்டே இருப்பதால், படிப்பவருக்கும் கேட்கும் என்று நம்பிவிடுகிறார்.

ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. சிலரிடம் கேலியாகவும் நிஜமாகவும் வாக்கியங்களைத் தரச் சொன்னார்கள். இமெயிலில் அனுப்பினாலும் எது கேலி, எது நிஜம் என்று 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தனர். படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக இருக்கும்! குரலில் கேட்டவர்களோ நான்கில் மூன்று பங்கு அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் பால்மன், பக்கவாட்டில் சாய்ந்த சிரிப்பு முகத்தை அறிமுகம் செய்தார். வேடிக்கையாக எழுதியதை யாரும் நிஜம் என்று எடுத்துக் கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்றைய எமோஜிகளிலும் கவனம் தேவை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வரும் முகத்தை, அழும் முகம் என்று நினைத்து இரங்கல் செய்திக்கு அனுப்பிவிடுபவர்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.

தமிழுக்கென்று தனியாகவும் ஒன்று இருக்கிறது. நம் மரியாதை சொல்லின் கடைசியில் உள்ளது. "சரிங்க மாமா" என்று பேசுபவர், அவசரத்தில் வெறும் "சரி" என்று தட்டிவிடுகிறார். மாமா அதில் கோபத்தைப் படிக்கிறார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் கேப்ஸ் லாக் விசை போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால் கத்துவதாக எடுத்துக் கொள்வது இன்டர்நெட் வழக்கம்.

முகம் தெரியாத தைரியம்

கல்யாண வீட்டில் வாய் திறக்காத சித்தப்பா, குடும்ப குரூப்பில் கடுமையாக எழுதுகிறார். ஏன்? ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004ல் இதற்குக் காரணங்களைப் பட்டியலிட்டார். எதிரில் இருப்பவரின் முகம் தெரிவதில்லை. பதில் உடனே வருவதில்லை. பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசமும் திரையில் மங்கிவிடுகிறது. இதே காரணங்களால், நேரில் சொல்லக் கூச்சப்படும் அன்பையும் நன்றியையும் சிலர் தாராளமாக எழுதிவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கும் போது வாட்ஸ்அப் ஜன்னலை மினிமைஸ் செய்திடுங்கள். அல்லது விண்டோஸ் கீயுடன் எல் எழுத்தை அழுத்தித் திரையைப் பூட்டிவிடுங்கள்.

2. நீல டிக் தொல்லை வேண்டாம் என்றால், போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி பிரிவில் ரீட் ரிசீட்ஸ் என்பதை நிறுத்திவிடலாம். அப்போது மற்றவர்களின் நீல டிக்கும் உங்களுக்குத் தெரியாது. குரூப்களில் இது செல்லாது.

3. படித்துவிட்டீர்கள், உடனே பதில் எழுத நேரம் இல்லை. "பார்த்தேன், இரவு பேசுகிறேன்" என்று ஒரு வரி போதும்.

4. தவறாக எழுதிவிட்டால் 15 நிமிடங்களுக்குள் எடிட் செய்யலாம். எல்லாருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒருவர் படித்திருக்கலாம், படமாக எடுத்து வைத்திருக்கலாம்.

5. பணம், சொத்து, வரன், உடல்நலம் ஆகியவற்றை எழுத்தில் தொடங்கினாலும் குரலில் முடியுங்கள்.

பதில் வராத மெசேஜுக்கு அடுத்த மெசேஜ் அனுப்பிக் காரணம் கேட்க வேண்டாம். போன் செய்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். கோபமா இல்லையா என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.