113 வயது வரை வாழ்ந்த போர் விமான மெக்கானிக்... யார் இந்த ஹென்றி ஆலிங்கம்?

முதல் உலகப்போர் என்றதும் நமக்குத் துப்பாக்கியும் பதுங்குகுழியும்தான் நினைவுக்கு வரும். ஸ்பேனரும் கையுமாக அந்தப் போரில் நின்றவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த ஹென்றி ஆலிங்கம். 2009 ஜூலை 18 அன்று 113 வயதில் அவர் காலமானபோது, உலகிலேயே மிக வயதான ஆண் அவர்தான்.

அம்மா சொன்னதால் நின்றார்

1896 ஜூன் 6 அன்று லண்டனில் பிறந்தார் ஆலிங்கம். அவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அப்பா காசநோயால் இறந்துவிட்டார். அம்மாவும் தாத்தா பாட்டியும்தான் வளர்த்தார்கள். 1914-ல் போர் தொடங்கியதும் ராணுவத்தில் சேரத் துடித்தார். உடல்நிலை மோசமாக இருந்த அம்மா போக வேண்டாம் என்றதால், போகவில்லை. 1915-ல் அம்மா இறந்த பிறகுதான், கடற்படையின் விமானப் பிரிவில் மெக்கானிக்காகச் சேர்ந்தார்.

மெக்கானிக்னா என்ன வேலை?

அன்றைய விமானம் என்பது மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, முன்னால் ஒரு என்ஜின். அவ்வளவுதான். பல என்ஜின்களுக்கு ஊற்றிய ஆயிலே நம்ம விளக்கெண்ணெய்தான்! பழுது பார்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. சில நேரம் பைலட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மெக்கானிக்கும் பறக்க வேண்டும். பாராசூட் எல்லாம் கிடையாது.

1916-ல் ஜட்லாண்ட் கடற்போரின்போது, கடல் விமானம் ஒன்றைச் சுமந்து சென்ற சிறு கப்பலில் இருந்தார். அடுத்த ஆண்டு மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். விழுந்து நொறுங்கிய விமானங்களையும் பாகங்களையும் மீட்பது அங்கே அவருடைய முக்கிய வேலை. ஓர் இரவு, இருட்டில் கால் இடறி, குண்டு விழுந்து உண்டான பள்ளத்துக்குள் விழுந்தார். உள்ளே தண்ணீர், அழுகிய உடல்கள், எலிகள். விடியும்வரை அங்கேயே இருந்தார். அந்த நாற்றத்தை அவரால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

1918 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் உருவானபோது, அதன் தொடக்ககால உறுப்பினர்களில் அவரும் ஒருவரானார்.

வீடு, வேலை, மௌனம்

1918-ல் டோரதியைத் திருமணம் செய்தார். இரண்டு மகள்கள். போர் முடிந்து வந்தவர் ஃபோர்டு கார் நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை உழைத்தார். இரண்டாம் உலகப்போரில், காந்தக் கண்ணிவெடிகளைச் செயலிழக்க வைக்கும் பணியிலும் ஈடுபட்டார். 1970-ல் மனைவி இறந்தார். பின்னர் இரண்டு மகள்களின் மறைவையும் பார்க்க நேர்ந்தது. நீண்ட ஆயுளுக்கு அவர் கொடுத்த விலை இது.

அந்தப் பள்ளத்தில் பார்த்ததையெல்லாம் பல பத்தாண்டுகள் அவர் யாரிடமும் பேசவில்லை. மறக்கத்தான் முயன்றார்.

பிறகு ஏன் பேசினார்?

100 வயதைத் தாண்டிய பிறகு, முன்னாள் வீரர்களைத் தேடிச் சந்தித்துவந்த ஒருவர் அவரை மெல்லப் பேச வைத்தார். அதன்பின் பள்ளிகளுக்குப் போனார், நினைவு நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார். தன்னைப் பற்றிப் பேசுவதைவிட, திரும்பி வராத நண்பர்களை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

2008 நவம்பர் 11 அன்று லண்டன் போர் நினைவுச் சின்னத்தில் மூன்று முதியவர்கள் அஞ்சலி செலுத்தினர். விமானப்படை சார்பில் ஆலிங்கம், தரைப்படை சார்பில் ஹாரி பேட்ச், கடற்படை சார்பில் பில் ஸ்டோன். அடுத்த 9 மாதங்களுக்குள் மூவருமே மறைந்துவிட்டார்கள். இன்னும் சில வருடங்கள் மௌனமாகவே இருந்திருந்தால், ஆலிங்கம் பார்த்ததெல்லாம் அவரோடே போயிருக்கும்.

உங்க வீட்டிலும் பட்டாளத்தில் இருந்த தாத்தா, பட்டறையில் உழைத்த பெரியப்பா என்று யாராவது இருக்கலாம். அவங்களா பேச மாட்டாங்க. நீங்கதான் கேட்கணும்.