அடுப்புக்குள் மறைந்த நெருப்பு

1845-ல் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ ஒரு குடிசையை விலைக்கு வாங்கினார். அமெரிக்காவின் கான்கார்ட் ஊரருகே ரயில் பாதை போட வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளியின் குடிசை அது. விலை நாலேகால் டாலர். அதைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைச் சின்ன வண்டியில் நடை நடையாக வால்டன் குளத்தருகே கொண்டுபோய், புல்லில் பரப்பி வெயிலில் உலர்த்தினார். இயற்கை எழுத்தின் மூலநூல்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் அவருடைய ‘வால்டன்’ (1854) உருவான வீடு, ரயில்வே தொழிலாளியின் பழம்பலகைகளால் ஆனது!

15 அடிக்கு 10 அடி, ஒரே அறை. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அரை கிலோமீட்டர் தள்ளி ஃபிட்ச்பர்க் ரயில் ஓடியது. அதன் ஊதல் அவர் காதில் பருந்தின் கூவலாக விழுந்தது. ஆந்தையும் தவளையும் கத்தும் அதே அத்தியாயத்தில் ரயிலுக்கும் தாராளமாக இடம் கொடுத்தார்.

ஆனால் எனக்கு அந்த நூலில் மறக்க முடியாத இடம் அடுப்புதான். முதல் குளிர்காலத்தில், தானே கட்டிய புகைபோக்கியின் கீழே திறந்த கணப்பில் விறகு எரித்தார். காடு தன் சொத்தில்லை, விறகை மிச்சப்படுத்த வேண்டும். அதனால் மறு குளிர்காலத்தில் சின்ன இரும்பு அடுப்பு ஒன்று வந்தது. இடத்தை அடைத்தது, நாற்றமடித்தது. அதையெல்லாம்விட, நெருப்பைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. கூட இருந்த ஒருவரை இழந்தாற்போல் அவர் வருந்தினார். சாம்பலில் உருளைக்கிழங்கு சுடும் வழக்கமும் மறந்துபோகும் என்று கவலைப்பட்டார்.

தணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துவைத்துக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஏக்கம் புரியும். எனக்கும் புரிகிறது. ஆனால் தோரோ தனி ஆள். தன் ஒரு வயிற்றுக்குச் சமைத்தவர். ஈர விறகோடு மல்லாடி, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் எரிந்து, ஒரு குடும்பத்துக்கே மூன்று வேளையும் சமைத்த நம் பாட்டிகளுக்கு, கேஸ் அடுப்பு வந்த நாள் விடுதலை நாள். நெருப்பின் அழகைப் பாடியவர்கள் அந்தப் புகையையும் எழுதியிருக்க வேண்டும்.

இயற்கையைப் பற்றி எழுத உட்காருபவர்களே, காட்டுக்குப் போங்கள், நல்லது. கிளம்புமுன், டியூப்லைட்டுக்குப் பின்னால் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லியையும், ஏ.சி. பெட்டியின் மேல் கூடு கட்டும் புறாவையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். தோரோ ரயிலுக்கு இடம் கொடுத்ததுபோல், அவற்றையும் எழுதுங்கள்.