ஒளியைத் திருப்பிவிடும் குட்டிக் கண்ணாடிகள்

திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்தும் என் மாமா, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி ஃபைபர் இணைப்பும் எடுத்தார். வெளிநாட்டு பையருக்கு டிசைன் ஃபைல் அனுப்பிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “ஏங்கண்ணு, இதுல எல்லாம் வெளிச்சமாவே போகுதாமா. அப்ப நடுவுல எங்கயும் நிக்காதில்ல?”

“நிக்குதுங்க மாமா” என்றேன். அவர் நம்பவில்லை. சாஃப்ட்வேர் இன்ஜினியரான எனக்கே இது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சரியாகப் புரிந்தது. உங்களுக்கும் இதே சந்தேகம் இருக்கலாம். பார்ப்போமா?

ஒளி எங்கே நிற்கிறது?

ஃபைபர் என்பது தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆனால், தகவலை வழிபிரித்து அனுப்பும் ஸ்விட்ச் கருவிக்கு மின்சாரம்தான் புரியும். எனவே ஒளியை மின்சாரமாக்கி, விலாசம் படித்து, மறுபடி ஒளியாக்கி அனுப்புகிறது. லாரி ஆபீசில் பார்சலை இறக்கி, விலாசம் பார்த்து, வேறு லாரியில் ஏற்றுவது போலத்தான்!

இந்தத் தாமதம் நமக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓயாமல் பேசிக்கொள்ளும் டேட்டா சென்டரில், இந்த ‘ஏற்றி இறக்கும்’ வேலைக்கே ஏராளமான மின்சாரம் செலவாகிறது.

கண்ணாடி என்ன செய்கிறது?

இதற்கு ஒரு வழிதான் ஆப்டிகல் ஸ்விட்ச். கூகுள் தன் டேட்டா சென்டர்களுக்காக உருவாக்கிய ‘பாலோமர்’ ஸ்விட்சில் 136 உள்வழிகளும் 136 வெளிவழிகளும் உண்டு. உள்ளே வரும் ஒளி மிகச் சிறிய கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, வேண்டிய இழைக்குள் நுழைகிறது. கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தால் பாதை மாறும். ரயிலை நிறுத்தாமல் தண்டவாளத்தை முன்கூட்டியே மாற்றி வைப்பது போல.

இன்னொரு லாபமும் உண்டு. ஒளியில் வரும் தகவலின் வேகம் கூடினாலும் கண்ணாடிக்குக் கவலையில்லை. இருமுனைக் கருவிகளை மாற்றினால் போதும், நடுவில் உள்ள ஸ்விட்ச் அப்படியே இருக்கலாம். இதையும் வேறு சில மாற்றங்களையும் சேர்த்துச் செய்ததில், தன் ‘ஜூபிடர்’ நெட்வொர்க்கின் திறன் 5 மடங்கு கூடி, மின்செலவு 41 சதவீதம் குறைந்ததாகக் கூகுள் 2022-ல் தெரிவித்தது. மின்கட்டணம் கட்டும் மாமாவுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியிருக்கவில்லை!

கூகுளின் டி.பி.யு. வி4 சூப்பர் கம்ப்யூட்டரில் 4,096 சிப்புகளை 64, 64 ஆகப் பிரித்து, 48 ஆப்டிகல் ஸ்விட்சுகளால் இணைத்திருக்கிறார்கள். ஒரு தொகுதி பழுதானால் கண்ணாடியைத் திருப்பி வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மிஷின் நின்றால் ஆர்டரை அடுத்த மிஷினுக்கு மாற்றுகிறோமே, அதே யோசனை.

குறை இல்லையா?

உண்டு. கண்ணாடிக்கு விலாசம் படிக்கத் தெரியாது. அது திரும்பவும் சில மில்லிநொடிகள் ஆகும். எனவே, அடிக்கடி மாறாத பெரிய பாதைகளுக்கே பொருந்தும். சாதாரண ஸ்விட்சுகளும் தேவைதான்.

உங்கள் வீட்டில்...

ஃபைபர் வந்து சேரும் சிறு பெட்டியைப் பாருங்கள். ஒளி கடைசியாக மின்சாரமாவது அங்கேதான். அந்த மெல்லிய ஒயரை மடக்கி ஆணியடிக்காதீர்கள். கழன்றால் அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.